தொற்று கீழே, புற்று மேலே

அந்த மருத்துவமனையில் எது உண்மை, எது பொய் என்பதை ரப்பர்தான் முடிவு செய்யும்.

டாக்டர் கையெழுத்துப் போடலாம். பேராசிரியர் பச்சை மையில் பக்கம் பக்கமாக எழுதலாம். நோயாளியே நேரில் வந்து நின்று இருமிக் காட்டலாம். சீட்டில் முத்திரை விழாதவரை இவற்றில் எதுவும் நடக்கவில்லை என்றே கொள்ளப்படும். ஒருமுறை வலது கால் முறிந்தவரின் சீட்டில் 'இடது' என்று முத்திரை விழுந்துவிட்டது. இடது காலில் அழகான மாவுக்கட்டோடும் வலது காலில் பழைய முறிவோடும் அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். புகார் கொடுக்கலாம்தான். புகாரிலும் முத்திரை வேண்டும்.

அந்த முத்திரைகள் அத்தனையையும் செய்து கொடுப்பவருக்கு மருத்துவமனை வாசலுக்கு நேர் எதிரே, ஆறடிக்கு நாலடியில் ஒரு கடை. எல்லோருக்கும் அவர் ஸ்டாம்ப்காரர். வயது நாற்பத்து நாலு. பத்தொன்பது வருடத் தொழிலில் ஒரு எழுத்துப் பிழை விட்டதில்லை. ரப்பரில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்டினால்தான் தாளில் நேராக விழும் என்பதால், மாறிக் கிடக்கும் எழுத்தைப் படபடவென்று வாசிப்பார். நேராக இருக்கும் செய்தித்தாளை வாசிக்கத்தான் அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த மனிதர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரத்ததானம் செய்தார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை தரைத்தளத்தில் இருக்கும் தொற்றுத் துறையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். போனார். டாக்டரம்மா சின்ன வயசு. ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசினார். அந்தக் கட்டடத்தில் இது அபூர்வம்.

"அண்ணே, உங்க ரத்தத்துல ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கு. இன்னிக்கு நேத்து வந்ததில்ல, பல வருஷமா இருக்கு."

"எனக்கு மஞ்சக்காமாலையே வந்ததில்லையேம்மா?"

"அதான் இதோட குணம். கல்லீரல்ல சத்தம் போடாம குடியிருக்கும். வீட்ல யாருக்காவது கல்லீரல்ல பிரச்சனை இருந்துச்சா?"

"எங்க அண்ணனுக்கு. போன வருஷம். நாலாவது மாடில வெச்சிருந்தாங்க." ஸ்டாம்ப்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அவரு ஒரு சொட்டு குடிச்சதில்லம்மா. சாவு வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் 'ரகசியமா குடிச்சிருப்பாரு'ன்னு அண்ணிகிட்டயே சொல்லிட்டுப் போனாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"குடிக்கவே வேணாம்ணே. இந்தக் கிருமி ஒண்ணு போதும். வருஷக்கணக்கா உள்ள இருந்து கல்லீரலைப் புண்ணாக்கும், தழும்பாக்கும், சிலருக்குப் புற்றாவும் ஆக்கும். தழும்பு வராமலே நேரா புற்று வர்றவங்களும் உண்டு. நீங்க ரெண்டு பேரும் பொறக்கும்போதே அம்மாகிட்டேருந்து வாங்கிட்டு வந்திருப்பீங்க. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்ப எனக்கும்...?"

"வரும்னு சொல்லல. வந்தா ஆரம்பத்துலயே புடிச்சுடணும்னு சொல்றேன். ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள கண்டுபுடிச்சா வெட்டி எறிஞ்சுட்டு உங்க வேலையப் பார்க்கலாம். மாத்திரை வேணுமான்னு ரத்தம் பார்த்துட்டு சொல்றேன். வீட்ல உங்க சம்சாரத்துக்கும் பிள்ளைங்களுக்கும் டெஸ்ட் எடுத்துடுங்க. இல்லன்னு வந்தா தடுப்பூசி போட்டுக்கட்டும், அதோட அவங்களுக்கு இந்தக் கவலையே இல்ல."

முடிவு வந்தது. மனைவிக்கும் மகளுக்கும் கிருமி இல்லை. இருவரும் ஊசி போட்டுக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஸ்கேன்.

ஸ்கேன் இயந்திரம் நாலாவது மாடியில் இருந்தது. அங்கே இருப்பது புற்றுத் துறை.

*

நாலாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே பெரிய பலகை: 'முன்கூட்டியே கண்டறியும் பிரிவு'. பலகைக்குக் கீழே கவுன்ட்டர். கவுன்ட்டரில் தலைமைக் கிளார்க். சீட்டை வாங்கினார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"கட்டி எங்க?"

"கட்டி இல்லீங்க. வந்துடக் கூடாதேன்னுதான்..."

"இது கட்டி உள்ளவங்களுக்கான மாடி."

"போர்டுல முன்கூட்டியேன்னு போட்டிருக்கே சார்."

"ஆமா. ஆனா நீங்க ரொம்ப முன்கூட்டியே வந்துட்டீங்க." கிளார்க் குரலில் கோபமில்லை. சினிமாவுக்கு முந்தின காட்சி முடியும் முன்பே வந்துவிட்டவரிடம் பேசுவது போல இருந்தது. "கட்டி வந்ததும் வாங்க. அன்னிக்கே எடுத்துடலாம். எங்க பிரிவுல தாமதம்ங்கிற பேச்சே கிடையாது."

"கட்டி வந்திருக்கான்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"ஸ்கேன் எடுத்துப் பாருங்க, தெரியும்."

ஸ்டாம்ப்காரர் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். எங்கே தொடங்கினாலும் அதே இடத்தில்தான் வந்து நின்றது.

"சார், போன வருஷம் எங்க அண்ணன் இங்கதான்..."

"ஞாபகமிருக்கே! எலுமிச்சம்பழம் சைஸ் கட்டியோட வந்தாரே? அவர்தான் முறையா வந்தார். ஒரு குறை வெச்சோமா நாங்க? பத்து வாரம். எல்லா சீட்டுலயும் முத்திரை கரெக்டா விழுந்துச்சு."

சொல்லிக்கொண்டே கிளார்க் கையை உயர்த்தினார். டொக்.

சீட்டில் ஊதா மையில் விழுந்தது: 'தொற்றுக்கும் புற்றுக்கும் தொடர்பு இல்லை.'

அது ஸ்டாம்ப்காரரே மூன்று வருடத்துக்கு முன் செய்து கொடுத்தது. எழுத்துகள் இன்னும் முனை மழுங்காமல் இருந்தன. தன் வேலைப்பாட்டை ஒரு நொடி ரசிக்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

வீட்டில் மனைவி சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"கட்டி இருக்கான்னு பாக்கத்தானேங்க ஸ்கேன்?"

"ஆமா."

"கட்டி இருந்தாத்தான் ஸ்கேனா?"

"ஆமா."

"இந்த ரூல் எழுதினவன், வீட்டுக்குள்ள போனதுக்கப்புறம்தான் சாவியத் தேடுவானா?" சீட்டை மடித்து அவர் சட்டைப்பையில் செருகினாள். "உங்க அண்ணன் எலுமிச்சம்பழத்தோட போய் நின்னாரு. நீங்க அப்படிப் போய் நிக்கிறதை நான் பாக்க மாட்டேன். நாளைக்கு மறுபடி போங்க. போங்கன்னா போங்க."

*

போனார். 'தொடர்பு அலுவலர்' என்று ஒரு அறை இரண்டாவது மாடியில் இருந்தது. தரைத்தளத்துக்கும் நாலாவது மாடிக்கும் சரியாக நடுவில். இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியுமா? ஸ்டாம்ப்காரர் நம்பிக்கையோடு உள்ளே நுழைந்தார்.

"தொற்றுக்கும் புற்றுக்கும் தொடர்பு இருக்குன்னு டாக்டரம்மா சொல்றாங்க சார். இல்லன்னு முத்திரை சொல்லுது. நீங்கதான் தொடர்பு அலுவலர்..."

"மக்கள் தொடர்பு அலுவலர்," என்றார் அவர். "'மக்கள்' பலகையிலேர்ந்து விழுந்து ஒரு வருஷமாச்சு. ஒட்டச் சொல்லி எழுதியிருக்கேன். கிருமியும் கட்டியும் மக்கள் இல்ல, அதனால என் எல்லைல வராது." பிறகு, ஸ்டாம்ப்காரரின் முகத்தைப் பார்த்து மனம் இளகி, ஒரு மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். "மனு மட்டும் மக்கள்கிட்டேருந்து வருது பாருங்க. அது நம்ம எல்லை."

மனு போனது. எங்கே போனாலும் முத்திரை குத்தப்பட்டது. எல்லாமே ஸ்டாம்ப்காரர் செய்தவைதான். நாற்பது நாளில் பதினாறு முத்திரையோடு அது இயக்குநரின் மேசையை அடைந்தபோது, மனுவில் எழுதியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பதினாறு முத்திரை விழுந்த காகிதத்தைச் சும்மா விட முடியாது. குழு அமைக்கப்பட்டது.

ஏழு பேர். தொற்றுத் துறையிலிருந்து மூவர். புற்றுத் துறையிலிருந்து மூவர். இரண்டு துறைக்கும் பொதுவானவர் என்ற முறையில் லிஃப்ட் ஓட்டுபவர்.

மனுதாரர் என்பதால் ஸ்டாம்ப்காரருக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி போடப்பட்டது. இயக்குநர் எழுந்தார். நரை, கோட்டு, கனத்த குரல். பேச ஆரம்பித்தால் கேட்பவர்கள் தானாகவே கை கட்டிக்கொள்வார்கள்.

"உலகம் முழுக்கத் தொற்றுக்கும் புற்றுக்கும் தொடர்பு இருக்கலாம். அதை நாம் மதிக்கிறோம். ஆனால் நம் மருத்துவமனையில் இரண்டுக்கும் நடுவில் மூன்று மாடி இருக்கிறது. இதை நாம் மறந்துவிடக் கூடாது."

எல்லோரும் மறக்காமல் தலையாட்டினார்கள்.

"அடுத்து ஒன்று. நம் முன்கூட்டியே கண்டறியும் பிரிவு சென்ற ஆண்டு நூற்றுக்கு நூறு வெற்றி. அங்கே ஸ்கேன் எடுத்த ஒவ்வொருவருக்கும் கட்டி இருந்தது! ஒரே ஒரு ஸ்கேன்கூட வீணாகவில்லை. இந்தப் பெருமை வேறு எந்த மருத்துவமனைக்கு உண்டு? கட்டி இல்லாதவர்களை எல்லாம் உள்ளே விட்டால் இந்தச் சாதனை என்ன ஆவது?"

கைதட்டல் அடங்கியதும் டாக்டரம்மா எழுந்தார். "சார், அந்த நூறு சதவீதத்துல ஒரு வருஷத்துக்கு மேல உயிரோட இருந்தவங்க எத்தனை பேர்?"

"அது வேறு புள்ளிவிவரம்," என்றார் இயக்குநர். "அதை வைத்திருப்பது வேறு பிரிவு. பிணவறை."

அப்போதுதான் லிஃப்ட் ஓட்டுபவர் தொண்டையைச் செருமினார். குழு வரலாற்றிலேயே அவர் வாயைத் திறந்தது அந்த ஒருமுறைதான்.

"சார், எனக்குப் படிப்பில்ல. ஆனா முகம் மறக்காது. தரைத்தளத்துல ரத்தம் குடுத்துட்டுப் போறவங்களைப் பாக்குறேன். பத்து வருஷம் கழிச்சு அதே ஆளுங்கள்ல சில பேரை நான்தான் நாலாவது மாடிக்கு ஏத்திட்டுப் போறேன். இவரு அண்ணனைக்கூட நான்தான் ஏத்தினேன்."

ஸ்டாம்ப்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

இயக்குநர் புன்னகைத்தார். "நீங்கள் சொல்வது தொடர்பு அல்ல. போக்குவரத்து."

ஆனாலும் பதினாறு முத்திரைக்கு ஏதாவது செய்தாக வேண்டுமே? மூன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பழைய முத்திரை நீக்கப்படும். அதற்குப் பதிலாக, நான்கு வரியில் புது முத்திரை:

தொற்றுக்கும் புற்றுக்கும்
தொடர்பு உண்டு
கொள்கையளவில் மட்டும்
ஸ்கேனுக்குப் பொருந்தாது

டாக்டரம்மா தாளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். முத்திரை செய்யும் உத்தரவு, வழக்கம்போல, ஸ்டாம்ப்காரரிடமே வந்தது. தன் தூக்குக் கயிற்றுக்குத் தானே அளவெடுக்கும் வேலை.

*

மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு ஸ்டோர் அறைக்குப் போனார். ஸ்டோர்கீப்பர் முத்திரைகளைப் படிப்பதில்லை, அளப்பார். ஸ்கேலை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நாலு வரியா? முடியாது. ரெண்டு வரிதான் அளவு. பெருசாப் போச்சுன்னா மைப்பெட்டி மூடாது. மூடலன்னா மை காயும். மை காஞ்சா யாரு பதில் சொல்றது?"

"குழுவே சொன்னது சார்."

"குழுவுக்கு மைப்பெட்டியப் பத்தி என்ன தெரியும்?" சிவப்புப் பேனாவை எடுத்து, கடைசி இரண்டு வரியையும் சரக்கென்று அடித்தார். "மேல ரெண்டு வரி போதும். செய்."

ஸ்டாம்ப்காரர் மிஞ்சிய இரண்டு வரியை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். ஆனால் நேர்மையான மனிதர். பத்தொன்பது வருடம்.

"சார்... கீழ ரெண்டு வரி போயிட்டா அர்த்தமே மாறிடும்."

"அர்த்தத்துக்கு வேற பிரிவு. நான் ஸ்டோர்."

அன்றைக்கே வெட்டினார். அவ்வளவு ஆசையாக அவர் எந்த முத்திரையையும் வெட்டியதில்லை. மறுநாள் கொண்டுபோனதும் ஸ்டோர்கீப்பர் மையில் தொட்டு, "ஒரு தாள் குடு, அடிச்சுப் பாக்கணும்" என்று கை நீட்டினார். ஸ்டாம்ப்காரர் சட்டைப்பையைத் தடவினார். உள்ளே இருந்தது மனைவி மடித்து வைத்த ஸ்கேன் சீட்டு மட்டும்தான்.

டொக்.

'தொற்றுக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டு.' பழைய 'இல்லை'க்கு மேலேயே, பளிச்சென்று.

நாலாவது மாடியில் தலைமைக் கிளார்க் அதைப் படித்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "முத்திரை மாறிடுச்சா? முதல்லயே சொல்லக் கூடாதா ஸ்டாம்ப்காரரே? உங்களை வெளில நிக்க வெச்சுட்டேனே. உள்ள போங்க, உள்ள போங்க."

ஸ்கேன் அறையில் ஏசி உறைய வைத்தது. வயிற்றில் ஜில்லென்று பசை தடவினார்கள். ஸ்கேன் எடுப்பவர் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கருவியை நகர்த்தினார். விலா எலும்புக்குக் கீழே, வலது பக்கம் வந்ததும் பாட்டு நின்றது.

"மூச்சை இழுத்துப் புடிங்க."

பிடித்தார்.

"இன்னொரு தடவை."

பிடித்தார். தன் வாழ்க்கையில் அத்தனை நேரம் யாரும் தன்னை உற்றுப் பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஒன்றே முக்கால் சென்டிமீட்டர்.

டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "உங்க அண்ணனுக்கும் ஒரு காலத்துல இவ்ளோதான்ணே இருந்திருக்கும். அப்ப யாரும் பாக்கல."

அடுத்த வாரம் வெட்டி எடுத்தார்கள். 'நகல்' என்று அவர் செய்யும் சின்ன முத்திரை அளவுதான் இருந்ததாம் அது. மாத்திரை தொடங்கியது. மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் என்று சீட்டு எழுதினார்கள்.

*

இதற்கிடையில் தரைத்தளத்தில் டாக்டரம்மா சும்மா இருக்கவில்லை. புது முத்திரை கைக்கு வந்த நாளிலிருந்து தன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் சீட்டிலும் டொக், டொக் என்று குத்தித் தள்ளினார். லிஃப்ட் ஓட்டுபவர் சாப்பிடக்கூட இறங்கவில்லை. ஐந்து வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்கேன். ஸ்டாம்ப்காரரோடு சேர்த்து நாலு பேருக்குக் கட்டி. நாலும் சின்னது. நாலு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

இயக்குநரின் தலையில் இடி விழுந்தது. ஸ்டாம்ப்காரரைக் கூப்பிட்டனுப்பினார். தையல் இழுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் போய் நின்றார்.

"உட்காருங்க. உங்களை உயிரோடு பார்ப்பதில் மகிழ்ச்சி. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நீங்கள் முறைகேடாகப் பிழைத்திருக்கிறீர்கள்."

"மன்னிச்சுடுங்க சார்."

"நூறு சதவீதம் வெற்றி பெற்ற பிரிவு இன்று இரண்டு சதவீதம்! இருநூற்றெட்டு பேருக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாதவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே போவதை நானே பார்த்தேன். இது மருத்துவமனையா, பூங்காவா?" ஒரு தாளை நீட்டினார். "நாளையிலிருந்து தொற்றுத் துறைச் சீட்டு ஒவ்வொன்றிலும் இது விழ வேண்டும். உங்கள் அடுத்த சீட்டு உள்பட. இந்த முறை இரண்டே வரி."

தொடர்பு ரத்து
மேலே அனுப்பாதீர்

ஸ்டாம்ப்காரர் கடைக்குத் திரும்பும் வழியில் தொற்றுத் துறை பெஞ்சைப் பார்த்தார். பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் கைக்குழந்தை. ஒருவர், கட்டி தெரிவதற்கு முன் இருந்த அண்ணன் மாதிரியே, ஒன்றும் இல்லாதவர் போலக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை, பத்தொன்பது வருடத் தொழிலில் முதல் முறையாக, ஸ்டாம்ப்காரரின் கையில் ஒரு பிழை நேர்ந்தது. எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட மறந்துவிட்டார். நேராகவே வெட்டிவிட்டார். மயக்க மருந்தின் மிச்சமாக இருக்கலாம்.

தாளில் அது மாறி விழுந்தது. ஸ்டோர்கீப்பர் இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், ஸ்கேலை வைத்தார்.

"ரெண்டு வரிதானே? பெட்டி மூடுது. சரி, போ."

மூன்று மாத ஸ்கேனுக்கான நாள் வந்ததும் ஸ்டாம்ப்காரர் நாலாவது மாடியில் தன் சீட்டோடு நின்றார். அவருக்கு முன்னால் முப்பது பேர், பின்னால் நாற்பது பேர். எல்லோர் சீட்டிலும் அதே முத்திரை. லிஃப்ட் ஓட்டுபவர் இன்னும் ஆள் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"கட்டி எங்க?" என்றார் தலைமைக் கிளார்க், பழக்க தோஷத்தில்.

"வெட்டிட்டாங்க சார்."

"அப்போ இப்ப இல்ல." கிளார்க் முத்திரையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இல்லன்னாலும் விட்டுத்தானே ஆகணும். முத்திரை இருக்கே. ரெண்டு மாசமா இதை எழுத்துக்கூட்டிப் பாக்குறேன், ஒரு எழுத்து புரியல. இவ்ளோ புரியாம இருக்குன்னா ரொம்ப மேலிடத்து உத்தரவாத்தான் இருக்கணும்னு எல்லாரையும் உள்ள அனுப்பிட்டேன். தப்பில்லையே?" கவுன்ட்டருக்கு மேல் எட்டிக் குனிந்தார். "நீங்கதானே செஞ்சீங்க? என்னதான் எழுதியிருக்கு இதுல?"

அந்தக் கட்டடத்தில் அதைத் தங்குதடையின்றி வாசிக்கக்கூடிய ஒரே மனிதர், சீட்டைக் கண்ணருகே பிடித்து, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்து முடித்தார்.

"'தாமதிக்காம உள்ள அனுப்பவும்'னு போட்டிருக்கு சார்," என்றார்.